உட்பொதி வலை வழங்கிகளின் வரலாறு

உட்பொதி வலை வழங்கி என்பது தனக்கென ஒரு கணினி இல்லாமல், ஒரு கருவிக்குள்ளோ வேறொரு மென்பொருளுக்குள்ளோ அடங்கி இயங்கும் சிறிய வலை வழங்கி ஆகும். வீட்டு ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றுவதற்காக உலாவியில் 192.168.1.1 என்று தட்டச்சு செய்தால் ஒரு பக்கம் திறக்கிறது. அந்தப் பக்கத்தை அனுப்புவது தொலைவில் உள்ள கணினி அன்று. மேசை மேல் இருக்கும் அந்த ரூட்டரேதான். அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சூரிய மின்தகட்டு இன்வெர்ட்டர் எனப் பல கருவிகளுக்குள் இத்தகைய வழங்கி இருக்கிறது.

எந்த வழங்கியைச் சேர்ப்பது என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். எவ்வளவு நினைவகம் எடுக்கும், என்ன விலை, உரிமம் எப்படிப்பட்டது என்ற மூன்று கேள்விகளோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். பிறகு கருவி விற்பனைக்கு வந்து, வீடுகளிலும் அலுவலகங்களிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறது. அதற்குள் இருக்கும் வழங்கியை எழுதியவர் அதற்கு முன்பே அதைக் கைவிட்டிருக்கக்கூடும். இந்த வரலாற்றின் பெரிய சிக்கல்கள் அந்த இடைவெளியில் பிறந்தவை.

தோற்றம்

உலகின் முதல் வலை வழங்கியை டிம் பேர்னர்ஸ்-லீ 1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் நெக்ஸ்ட் கணினி ஒன்றில் இயக்கினார். அடுத்து வந்தவையும் பெரிய கணினிகளுக்கானவையே. 1993-இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கியும், அதன் வழியாக 1995-இல் உருவான அப்பாச்சியும் யூனிக்ஸ் கணினிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கருவிகளுக்கு வலைப்பக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டும். ஒரு ரூட்டரையோ அச்சுப்பொறியையோ அமைக்க, தொடர்வரிசை வடத்தைச் செருகிக் கட்டளைகளைத் தட்ட வேண்டும். அல்லது தயாரிப்பாளர் தரும் தனி மென்பொருளை நிறுவ வேண்டும். விண்டோஸ், மேக், யூனிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் அந்த மென்பொருளைத் தனித்தனியாக எழுதுவது தயாரிப்பாளருக்குச் செலவு. எல்லாக் கணினிகளிலும் உலாவி வந்த பிறகு அந்தச் செலவு மறைந்தது. கருவி ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பத் தெரிந்திருந்தால் போதும் என்றாயிற்று.

நெறிமுறையும் எளிமையானது. 1996 மே மாதம் ஆவணமாக வெளிவந்த எச்டிடிபி 1.0-இல், உலாவி ஒரு வரியில் பக்கத்தைக் கேட்கிறது. வழங்கி சில தலைப்பு வரிகளையும் பக்கத்தையும் அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடுகிறது. முந்தைய வேண்டுகோளை வழங்கி நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. நினைவகமே இல்லாத கருவிக்கு இதைவிட ஏற்ற நெறிமுறையை யாரும் திட்டமிட்டுக்கூட உருவாக்கியிருக்க முடியாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காபிப் பானை இந்த மாற்றத்துக்கு நல்ல அளவுகோல். 1991-இல் அங்கிருந்தவர்கள் பானையில் காபி இருக்கிறதா என்று இருக்கையிலிருந்தே பார்க்க ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். 1993-இல் அந்தப் படம் வலையில் ஏறியது. அந்தக் கேமராவால் தானாக எதையும் அனுப்ப முடியாது. படத்தைப் பிடிக்க ஒரு கணினியும் அதற்கென அட்டையும் வேண்டியிருந்தன. 1996-இல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட நெட்ஐ 200 கேமராவில் வலை வழங்கி கேமராவுக்குள்ளேயே இருந்தது. பெரிய படம் ஒன்றை அனுப்ப அதற்குப் பதினேழு நொடி பிடித்தது என்றாலும், பக்கத்தில் கணினி எதுவும் தேவைப்படவில்லை.

ஒரே ஆள் பரிமாறும் பந்தி

என்சிஎஸ்ஏ வழங்கியும் தொடக்ககால அப்பாச்சியும் ஒவ்வோர் இணைப்பையும் கவனிக்கத் தனி பிராசஸ் ஒன்றை ஒதுக்கின. பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் ஓர் ஆளை நிறுத்துவது போன்றது இது. கணினியில் நினைவகம் தாராளமாக இருந்தால் இதனால் கெடுதல் இல்லை. சில மெகாபைட்டுகள் மட்டுமே உள்ள கருவியில் ஆட்களுக்கே இடம் போதாது.

இன்னொரு தடையும் இருந்தது. மலிவான சில்லுகள் பலவற்றில் நினைவக மேலாண்மைப் பிரிவு கிடையாது. அத்தகைய சில்லுகளுக்காக 1998-இல் லினக்ஸிலிருந்து உருவான யுசி-லினக்ஸில், ஒரு பிராசஸைப் பிரதியெடுத்து இன்னொன்றை உருவாக்கும் வழக்கமான ஃபோர்க் கட்டளையே இயங்காது. அப்பாச்சி போன்ற வழங்கியை அங்கே அப்படியே கொண்டுபோக வழியில்லை.

இதற்கு விடையாக, ஒரே பிராசஸ் எல்லா இணைப்புகளையும் சுற்றிச் சுற்றிக் கவனிக்கும் வழங்கிகள் எழுதப்பட்டன. எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறது, எது அனுப்பத் தயாராக இருக்கிறது என்று இயங்குதளத்திடம் கேட்டு, தயாராக உள்ளதை மட்டும் தொட்டுவிட்டு அடுத்ததற்கு நகரும் முறை அது. பால் பிலிப்ஸ் தொடங்கி, பின்னர் லாரி டூலிட்டிலும் ஜான் நெல்சனும் வளர்த்த போவா இவ்வகையைச் சேர்ந்தது. ஜெஃப் போஸ்கன்சர் எழுதிய டி-எச்டிடிபிடியும் அப்படியே. அது குறிப்பிட்ட பக்கங்களுக்கான அனுப்பு வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதியையும் தந்தது. அவரே எழுதிய மைக்ரோ-எச்டிடிபிடி சுமார் 150 வரிகளில் முடிந்துவிடும். சி மொழி கற்கும் மாணவர் ஒருவர் ஒரு மாலையில் படித்து முடிக்கக்கூடிய உண்மையான வலை வழங்கி அது.

கோப்பு முறைமை இல்லாத கருவிகளில் வேறொரு உத்தி கையாளப்பட்டது. எச்டிஎம்எல் பக்கங்களையும் படங்களையும் சி மொழி அணிகளாக மாற்றி, வழங்கியின் நிரலோடு சேர்த்தே தொகுத்துவிடுவார்கள். பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் கருவியின் ஃபர்ம்வேர் முழுவதையும் மாற்றியாக வேண்டும். இந்தப் பழக்கம் பின்னால் வரப்போகும் தொல்லைக்கு ஒரு காரணம்.

தீப்பெட்டியிலிருந்து தீக்குச்சித் தலைக்கு

1999-இல் வழங்கியை எவ்வளவு சிறிதாக்கலாம் என்ற போட்டி பல்கலைக்கழகங்களில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டில் வான் பிராட் தலைமையிலான குழு தீப்பெட்டி அளவிலான வழங்கியைக் காட்டியது. அது சிறிய உருவில் இருந்த முழுக் கணினிதான்: 486 வகைச் செயலி, 16 மெகாபைட்டு நினைவகம், லினக்ஸ் இயங்குதளம்.

அதே ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எச். ஸ்ரீகுமார் தீக்குச்சித் தலை அளவுள்ள வழங்கியை வெளியிட்டார். ஐபிக் என்று அதற்குப் பெயர். எட்டே கால்கள் கொண்ட பிக் 12சி509ஏ என்ற மலிவான நுண்கட்டுப்படுத்தியில் அது ஓடியது. பக்கங்கள் பக்கத்திலிருந்த இன்னொரு சிறு சில்லில் இருந்தன. அந்த நுண்கட்டுப்படுத்தியின் தற்காலிக நினைவகம் 41 பைட்டு. இணையத்தில் வரும் ஒரு தரவுப் பொதியின் ஐபி தலைப்பும் டிசிபி தலைப்பும் சேர்ந்தே குறைந்தது 40 பைட்டு என்பதை நினைத்தால் அந்தச் சாதனையின் அளவு விளங்கும். தலைப்பை முழுதாகப் படித்து எங்கேயும் எழுதிவைக்கக்கூட இடமில்லை. பைட்டுகள் வர வர, அவற்றைக் கணக்கிட்டுக்கொண்டே கடந்துபோக வேண்டும்.

விளையாட்டாகத் தோன்றிய இந்த முயற்சிகளைத் தொழிலுக்கு உதவும் நிலைக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் கணினி அறிவியல் நிறுவனத்தின் ஆடம் டங்கல்ஸ். அவர் எழுதிய எல்டபிள்யு-ஐபியும், அதனினும் சிறிய யு-ஐபியும் 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்தன. டிசிபி நெறிமுறையில், அனுப்பிய தரவு போய்ச் சேராவிட்டால் மீண்டும் அனுப்ப வேண்டும். அதற்காக அனுப்பியதன் நகலை வைத்திருப்பது வழக்கம். யு-ஐபி நகலே வைத்திருக்காது. தரவு தொலைந்துவிட்டால், அதை மீண்டும் உருவாக்கித் தரும்படி பயன்பாட்டு நிரலையே கேட்கும். மாறாத வலைப்பக்கத்தை அனுப்பும் வழங்கிக்கு இது மிக எளிது, ஏனெனில் பக்கம் ஏற்கெனவே நிலைநினைவகத்தில் இருக்கிறது. இதனால் சில நூறு பைட்டு நினைவகத்தில் இணையத்தோடு பேச முடிந்தது. 1982-இல் விற்பனைக்கு வந்த கமடோர் 64 கணினிகூட யு-ஐபியின் உதவியால் வலை வழங்கியாகியது.

நிரலுக்குள் வழங்கி

உட்பொதி என்ற சொல்லுக்கு மென்பொருள் உலகில் இன்னொரு பொருளும் உண்டு. ஜாவாவில் எழுதுவோர் தங்கள் பயன்பாட்டை ஒரு பெரிய வழங்கிக்குள் கொண்டுபோய் வைப்பதே முதலில் வழக்கமாக இருந்தது. கிரெக் வில்கின்ஸ் 1995-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஜெட்டி அதைத் தலைகீழாக்கியது: சில வரிகளில் வழங்கியைத் தன் நிரலுக்குள் அழைத்து இயக்கிக்கொள்ளலாம். ஹடூப் தன் நிலவரப் பக்கங்களைக் காட்ட ஜெட்டியை உள்ளே வைத்திருந்தது. 2009-இல் கூகுள் தனது ஆப் எஞ்சின் சேவைக்கு ஜெட்டியைத் தேர்ந்தெடுத்தது. ஆயிரக்கணக்கான பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடும் இடத்தில், ஒரு பிரதியில் மிச்சமாகும் சிறு நினைவகமும் பெருந்தொகையாகிவிடும். இதே ஜெட்டியை ரூட்டருக்குள் வைக்க நினைத்தால் இடம் கொள்ளாது. ‘இலகுவானது’ என்ற அடைமொழிக்கு எதனுள் வைக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தே பொருள்.

சி மொழியில் இந்த இடத்தை நிரப்பியவை குனூ திட்டத்தின் லிப்-மைக்ரோ-எச்டிடிபிடியும் செர்ஜி லியூப்கா 2004-இல் தொடங்கிய மங்கூஸும் ஆகும். மங்கூஸ் கையடக்கமான மூலநிரலாக இருந்ததால், திட்டத்துக்குள் நகலெடுத்துத் தொகுத்துவிட்டால் வேலை முடிந்தது. எம்ஐடி உரிமத்தில் கிடைத்ததால் வணிக நிறுவனங்களும் தயங்காமல் எடுத்துக்கொண்டன. 2013 ஆகஸ்டில் அதன் உரிமம் ஜிபிஎல் 2 அல்லது கட்டண உரிமம் என்று மாறியது. தம் மூலநிரலை வெளியிட விரும்பாதவர்கள் இனிப் பணம் கட்ட வேண்டும். பழைய உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பை எடுத்து வேறு சிலர் சிவெட்வெப் என்ற கிளையைத் தொடங்கினர். இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. எழுதியவர் தன் உழைப்புக்குக் கூலி கேட்டதைக் குறை சொல்ல முடியாது. பிழைகளைத் திருத்த ஒருவருக்குக் காரணம் இருப்பது, பின்னால் நடந்தவற்றோடு ஒப்பிட்டால், பயன்படுத்துவோருக்கு நல்லதுதான்.

திருத்தம் வந்தும் திருந்தாத கருவிகள்

கருவிக்குள் இருக்கும் வழங்கி ஒரு கதவு என்பது முதலில் பெரிய அளவில் உறைத்தது 2001 ஜூனில். சிஸ்கோ ரூட்டர்களில் உள்ள வலை வழங்கியில், முகவரியில் 16 முதல் 99 வரையிலான ஏதாவது ஓர் எண்ணை அதிகார நிலையாகக் கொடுத்தால், சில அமைப்புகளில் கடவுச்சொல்லே இல்லாமல் முழுக் கட்டுப்பாடும் கிடைத்தது. திருத்தம் உடனே வந்தது. அந்த ரூட்டர்களைப் பராமரிக்கப் பொறியாளர்கள் இருந்ததால், திருத்தத்தை நிறுவவோ வழங்கியை அணைக்கவோ ஆள் இருந்தது.

வீட்டு மோடத்துக்கு அப்படி யாரும் இல்லை. ரோம்பேஜர் அமெரிக்காவின் அலெக்ரோ சாஃப்ட்வேர் நிறுவனம் கருவித் தயாரிப்பாளர்களுக்கு விற்ற வழங்கி. 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதில் ஓர் ஓட்டையை வெளியிட்டனர். உலாவி அனுப்பும் குக்கீயின் பெயரில் உள்ள எண்ணை வழங்கி சரிபார்க்காமல், நினைவக இடத்தைக் கணக்கிடப் பயன்படுத்தியது. எண்ணைத் தக்கபடி மாற்றி அனுப்பினால் நினைவகத்தில் விரும்பிய இடத்தில் எழுதலாம். நிர்வாகியாகவே உள்ளே நுழையலாம். குறைந்தது 1.2 கோடி கருவிகள் இணையத்தில் இந்த ஓட்டையோடு திறந்திருந்ததாக அவர்கள் கணக்கிட்டனர்.

வியப்பு ஓட்டையில் இல்லை. பிழை 2002-இல் நிரலுக்குள் வந்தது; அலெக்ரோ அதை 2005-இலேயே திருத்திப் புதிய பதிப்பைத் தந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கடைகளில் பழைய பதிப்போடு மோடங்கள் விற்பனையாகிக்கொண்டிருந்தன. வழங்கியை எழுதிய நிறுவனம், அதைத் தன் மென்பொருள் தொகுப்பில் சேர்க்கும் சில்லு நிறுவனம், அந்தத் தொகுப்பைக் கொண்டு பெட்டி செய்யும் நிறுவனம், அதன் மேல் தன் முத்திரையை ஒட்டி விற்கும் இணையச் சேவை நிறுவனம் என்று சங்கிலி நீளமானது. முதல் கண்ணியில் நடந்த திருத்தம் கடைசிக் கண்ணியை எட்டவே இல்லை. மோடத்தை வாங்கியவருக்கு ரோம்பேஜர் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கோஅஹெட் வழங்கியின் ஓட்டை 2017 டிசம்பரில் வெளிவந்தது. சிஜிஐ முறையில் வேறொரு நிரலை இயக்கும்போது, முகவரியில் வந்த அளவுருக்களை அது அப்படியே சூழல் மாறிகளாக மாற்றிவிட்டது. லினக்ஸில் எல்டி_பிரீலோட் என்ற சூழல் மாறி, எந்த நிரலகத்தை முதலில் ஏற்ற வேண்டும் என்று சொல்வது. அந்தப் பெயரில் ஓர் அளவுருவையும், வேண்டுகோளின் உடலில் தீங்கு நிரலையும் வைத்து அனுப்பினால், வழங்கி தானே அதை ஏற்றி இயக்கிவிடும். 3.6.5 பதிப்பில் இது அடைக்கப்பட்டது. கருவிகளுக்குள் இருந்த பழைய பதிப்புகளின் கதி ரோம்பேஜரின் கதிதான்.

போவாவும் லடாக் மின் நிலையங்களும்

ரோம்பேஜருக்கும் கோஅஹெட்டுக்கும் திருத்துவதற்காவது ஒரு நிறுவனம் இருந்தது. போவாவுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. அதை எழுதியவர்கள் வேகத்தையும் பாதுகாப்பையும் இலக்காக அறிவித்திருந்தார்கள். பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னது, தீய எண்ணமுள்ளவர் வழங்கியைக் கைப்பற்ற முடியாது என்ற பொருளில். மறைகுறியாக்கம் தங்கள் நோக்கமன்று என்பதையும் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். 2005-க்குப் பிறகு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. ஆனால் சில்லு நிறுவனங்கள் தரும் மென்பொருள் தொகுப்புகளில் அது தங்கிவிட்டது. அவற்றின் வழியே புதிய ரூட்டர்களுக்கும் கேமராக்களுக்கும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

2022 ஏப்ரலில் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லடாக் எல்லைப்பகுதியை ஒட்டி வட இந்தியாவில் உள்ள, மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மாநில மையங்களில் குறைந்தது ஏழு, இணையவழி ஊடுருவலுக்கு இலக்காகின என்றது அது. ஊடுருவியவர்கள் பிறருடைய கண்காணிப்புக் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் கைப்பற்றி, அவற்றின் வழியாகக் கட்டளைகளை அனுப்பியிருந்தனர். முயற்சிகள் நடந்தன, ஆனால் வெற்றிபெறவில்லை என்று இந்திய மின்துறை அமைச்சர் அப்போது கூறினார்.

அறிக்கையில் இருந்த இணைய முகவரிகளை மைக்ரோசாஃப்ட் ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் முடிவை வெளியிட்டது. அந்தக் கருவிகளில் பலவற்றுக்குப் பொதுவாக இருந்தது போவா. ஊடுருவலுக்கு அது வழியாகியிருக்கக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரே வாரத்தில் உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட போவா வழங்கிகள் இணையத்தில் திறந்திருந்ததாகவும் அவர்கள் கண்டனர். கைவிடப்பட்டுப் பதினேழு ஆண்டுகள் கழிந்த நிரல் அது. அதன் ஓட்டைகளுக்கு எண்கள் மட்டும் ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தன, சிவிஇ-2021-33558 போல. அடைக்க யாரும் இல்லை.

போவாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் தவறு செய்ததாகச் சொல்லிவிட முடியாது. தேர்ந்தெடுத்த நாளில் அது சிறியது, வேகமானது, இலவசமானது, ஆள் உள்ள திட்டம். அந்தத் தேர்வை மறுமுறை எடுத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை என்பதே நடந்தது.

இன்றைய நிலை

2014-இல் ஷாங்காயின் எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 சில்லு பரவலாக அறிமுகமான பிறகு, கம்பியில்லா இணைப்போடு கூடிய வலை வழங்கி மாணவர்களின் செய்முறைத் திட்டம் என்ற அளவுக்கு எளிதாகிவிட்டது. அதேவேளை புதிய தடை ஒன்று எழுந்தது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, மறைகுறியாக்கம் இல்லாத எல்லாப் பக்கங்களையும் பாதுகாப்பற்றவை என்று குறிக்கிறது. 192.168.1.1 போன்ற தனி முகவரிகளுக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் சான்று தருவதில்லை. ஆகவே ரூட்டர் எவ்வளவு நல்ல வழங்கியை வைத்திருந்தாலும், அதன் பக்கம் எச்சரிக்கையோடுதான் திறக்கும்.

இதனாலும் வேறு காரணங்களாலும் பல தயாரிப்பாளர்கள் கருவிக்குள் வழங்கி வைப்பதையே விட்டுவிட்டனர். கருவி வெளியே உள்ள நிறுவனத்தின் வழங்கியோடு பேசுகிறது. உரிமையாளர் கைபேசிச் செயலி வழியாக அதே வழங்கியோடு பேசுகிறார். உள்ளே திறந்த கதவு இல்லை என்பது நன்மை. 2016 மே மாதம் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் பின்னாலிருந்த வழங்கியை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் நிறுத்தியபோது, 300 டாலர் கொடுத்து வாங்கிய கருவி ஒரே நாளில் வெறும் பெட்டியானது. தன் வழங்கியைத் தன்னுள்ளேயே வைத்திருந்த பழைய கருவிகளுக்கு அந்த ஆபத்து இருந்ததில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழி மீள்திறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி தயாரிப்பாளர் தன் கருவிக்குள் உள்ள மென்பொருள் கூறுகளைப் பட்டியலிட்டு வைத்திருக்க வேண்டும். பயன்பாட்டுக் காலம் அதைவிடக் குறைவாக இருந்தாலன்றி, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தர வேண்டும். இந்தக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் சந்தைக்கு வரும் கருவிகளுக்கு உரியவை. அதற்கு முன் விற்கப்பட்ட கருவிகளில், பெரிய அளவில் மாற்றி அமைக்கப்படுபவை தவிர மற்றவற்றை அவை கட்டுப்படுத்தாது.